அவசரப் பட்டியலில் வராத பெயர்கள்

எனக்குப் பயம் வேளாவேளைக்கு வந்துவிடும், பசி மாதிரி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "திண்டுக்கல்லுல பொறந்துட்டுப் பூட்ட நம்பாதவ நீ ஒருத்திதான்" என்பார் என் வீட்டுக்காரர். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியிலிருந்து திரும்பிய நாட்கள் நிறைய. இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது. சேர்ந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊசி குத்த வேண்டாம், ரத்தத்தைப் பார்க்க வேண்டாம், வெறும் எழுத்தும் எண்ணும்தானே, யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கூடத்துக்குப் பேகம்பூர், சாணார்பட்டி, பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டி என்று ஆங்காங்கே ரத்தம் எடுக்கும் சின்ன மையங்கள் உண்டு. ஒரு மேஜை, ஒரு நர்ஸ், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் ஒரு மையம். நர்ஸ் வந்தவரின் பெயர், வயது, போன் நம்பரைப் பதிந்து ரத்தம் எடுத்து அனுப்புவார். இங்கே மெஷினில் ஓடியதும் முடிவெல்லாம் ஒரு கோப்பாக என் கம்ப்யூட்டரில் வந்து விழும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. மழைக்காலமென்றால் ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு வரிகூட வரும்.

அத்தனை வரிகளிலிருந்தும் அவசரமானவற்றை மட்டும் பொறுக்குவது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த சீட்டு. அதற்குள்ளே ஆக் என்றொரு கருவி உட்கார்ந்திருக்கும். அது கோப்பை வரிவரியாகப் படித்து, நாம் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அரிசியில் கல் பொறுக்குவதுதான், ஆனால் இங்கே நமக்கு வேண்டியது கல். டெங்குக் காய்ச்சல் பரவும் நாட்களில் பிளேட்லெட் இருபதாயிரத்துக்குக் கீழே போனவர்களின் பெயரும் போன் நம்பரும் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் தானாகவே அச்சாகி முன்மேஜைக்குப் போய்விடும். அதற்கு அவசரப் பட்டியல் என்று பெயர்.

முன்மேஜையில் இருக்கும் அக்கா ஐம்பதைத் தாண்டியவர். பட்டியல் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் பெயரிலிருந்து போன் போட ஆரம்பிப்பார். ஆளுக்குத் தகுந்தபடி பேச்சு மாறும். நெய்க்காரப்பட்டிக்காரர்களிடம் "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா" என்று தொடங்குவார். பேகம்பூர் என்றால் "பாய், லேப்ல இருந்து பேசுறேன்" என்பார். விஷயம் எல்லாருக்கும் ஒன்றுதான். "பயப்படாதீக, ஆனா இப்பவே கெளம்பிப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சோறு ஆக்கிட்டுப் போறேன், குளிச்சிட்டுப் போறேன்னு நிக்காதீக." பேசி முடித்ததும் பெயர்மேல் ஒரு கோடு. எல்லாப் பெயரிலும் கோடு விழுந்த பிறகுதான் டீ குடிப்பார்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் ரிப்போர்ட் வாங்க லேசில் திரும்பி வரமாட்டார்கள். ரத்தம் கொடுக்கவே அரை நாள் வேலை கெட்டுப்போகிறது, அதை வாங்க இன்னும் அரை நாளா என்பார்கள். நர்ஸ்களும் அதற்குத் தோதாக ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள். "ஏதாச்சும் இருந்தா போன் வரும். வரலைன்னா ஒண்ணும் இல்ல, நிம்மதியா இருங்க." கிராமம் கிராமமாக அது பரவி, ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது. அந்த நிம்மதியெல்லாம் கடைசியில் என் ஸ்கிரிப்ட்டின் தலையில்தான் வந்து நின்றது. அது ஒரு பெயரை விட்டுவிட்டால், அந்த ஆள் நிம்மதியாக வீட்டிலிருந்தபடியே செத்துப்போகலாம். இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதன் காற்றாடி போடும் சத்தம் மாடிப்படி வரை கேட்டது. கூடத்தை நடத்தும் டாக்டர், மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்துப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் கறாரான ஆள். "மேடம், எங்க பெட்டியில தரநிலைக்கு உட்பட்டது மட்டுந்தான் இருக்கும். அதுக்கு மேல எதையும் ஏத்தித் தர மாட்டோம். நீங்க ஸ்கிரிப்ட்டையெல்லாம் தரநிலைக்குள்ள எழுதிட்டீங்கன்னா, நாளைக்கு வேற எந்தக் கம்ப்யூட்டர் வாங்குனாலும் அப்படியே ஓடும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாற்பத்தொரு ஸ்கிரிப்ட்டுகளையும் திருத்தி எழுத வேண்டியது நான். எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஆக் கருவிக்குத் தரநிலை ஒன்று உண்டு. எந்தக் கட்டளைக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. எங்கள் பழைய கம்ப்யூட்டரிலிருந்த ஆக் அதற்கு மேலும் நிறையச் சலுகை கொடுத்து என்னைக் கெடுத்து வைத்திருந்தது. ஒரு வரியை இன்னின்ன அகலத்தில் துண்டு போட்டுக்கொள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், அதுவே வெட்டிக்கொள்ளும். தரநிலையில் அந்தச் சலுகை கிடையாது. எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனை எழுத்து என்று ஒவ்வொரு துண்டையும் நாமே எண்ணிச் சொல்ல வேண்டும். பத்தாவது இடத்திலிருந்து முப்பது எழுத்து பெயர். அடுத்து வயது. அடுத்து போன் நம்பர், பிறகு என்ன பரிசோதனை என்ற குறி, கடைசியில் அளவு. தலையணைக்குப் பக்கத்தில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு தூங்கினேன். எண்ணியதையே திரும்பவும் எண்ணினேன்.

ரசீது அடிக்கும் ஸ்கிரிப்ட், டாக்டர்களுக்கு ரிப்போர்ட் பிரிக்கும் ஸ்கிரிப்ட் என்று சுலபமானவற்றை முதலில் முடித்துவிட்டு, அவசரப் பட்டியலைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். அதைத் திறந்தபோது முதல் வரியிலேயே மொழி சம்பந்தமான ஏதோ ஓர் அமைப்பு இருந்தது. ஏன், எதற்கு என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. புதுப் பெட்டியில் ஓட்டியதும், இப்படி ஒன்று என்னிடம் கிடையாது என்று அந்த வரியைப் பார்த்து அது திரையில் முணுமுணுத்தது. "எந்தப் புண்ணியவான் எழுதிவச்சானோ" என்று நான் சலித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தவராக இருக்கலாம். பத்து வருஷத்துக்கு முந்தைய நானாகக்கூட இருக்கலாம், நினைவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். முணுமுணுப்பு நின்றது. பட்டியல் சுத்தமாக வந்தது.

அதோடு விட்டுவிடுகிற ஆளா நான்? மூன்று மாதக் கோப்புகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு நாளையும் பழைய ஸ்கிரிப்ட்டில் ஒரு தடவையும் புதியதில் ஒரு தடவையும் ஓட்டினேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டளை உண்டு. வித்தியாசம் இருந்தால் காட்டும். இல்லாவிட்டால் வாயே திறக்காது. தொண்ணூறு நாட்களுக்கும் அது வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் என்றால் கையைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். எனக்கு அந்த அமைதியே கலக்கமாக இருந்தது. வேண்டுமென்றே ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்றிவைத்து ஓட்டினேன். உடனே காட்டிக்கொடுத்தது. சரி, உயிரோடுதான் இருக்கிறது என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். "பரீட்ச எழுதுன புள்ளகூட இம்புட்டுத் தடவ பாக்காது. போதும், வா" என்று வாசலில் வண்டியோடு நின்ற என் வீட்டுக்காரர் போனில் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை புதுப் பெட்டிக்கு மாறினோம். பதினொன்று அடித்ததும் பட்டியல் தானாக அச்சானது. நாலு பெயர். அக்கா போன் போட்டார், கோடு போட்டார், டீ குடித்தார். மாலையில் மூன்று பெயர். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். முந்தின வாரம் ஒரு வேளைக்கு ஐந்து, ஆறு வந்துகொண்டிருந்தது. "கொசு மருந்து அடிச்சாங்கள்ல, அதான் கொறையுது" என்றார் டாக்டர். அவருக்கு அதில் சந்தோஷம். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அச்சு இயந்திரம் சத்தம் போடும்போதெல்லாம் எழுந்து போய்ப் பெயர்களை எண்ணிவிட்டு வந்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது வரும் பயத்துக்குக் காரணம் சொல்லவும் முடியாது, அதை விரட்டவும் முடியாது.

புதன்கிழமை பதினொன்றரைக்கு நான் முன்மேஜைப் பக்கம் போனபோது அக்கா ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, சாணார்பட்டிக்காரவுகளுக்கு மட்டும் காய்ச்சல் சுத்தமா விட்டுப்போச்சு போல. மூணு நாளா அந்தப் பக்கத்து ஆளுக ஒருத்தரும் வரல" என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான்.

போன வாரம் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு சாணார்பட்டிதான். அன்று காலை அந்த மையத்திலிருந்து வந்த பெட்டியில் ரத்தக் குப்பிகள் நிறைந்து கிடந்ததை நானே பார்த்திருந்தேன். அங்கே மட்டும் காய்ச்சல் எப்படி விடும்?

ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தேன். சாணார்பட்டி வரிகள் இருந்தன, நிறையவே இருந்தன. முதல் வரியிலேயே ஓர் ஆளுக்குப் பதினாறாயிரம். நியாயமாக அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லை. ஸ்கிரிப்ட்டை நான் கையால் ஓட்டிப் பார்த்தேன். அவர் பெயர் வந்தது! எல்லாப் பெயரும் வந்தது. அக்காவின் மேஜையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் இல்லை. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே கோப்பு. நான் ஓட்டினால் வருகிறது, பதினோரு மணிக்குத் தானாக ஓடினால் வரவில்லை. தட்டிய எழுத்தையே தப்பாகத் தட்டினேன். பேய் பிடித்த வீட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது.

பிறகுதான் கண்ணில் பட்டது. சாணார்பட்டி வரிகளில் பெயர்கள் எல்லாம் தமிழில் இருந்தன. மற்ற மையங்களில் ஆங்கிலத்தில் அடிப்பார்கள். சாணார்பட்டி நர்ஸ் மட்டும், ரிப்போர்ட் வாங்க வருகிற ஒருவர் இருவராவது தங்கள் பெயரைத் தாங்களே படித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று, அந்த மையத்தின் பழைய வழக்கப்படியே தமிழில் பதிந்துகொண்டிருந்தார். நல்ல காரியம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளே ஆங்கில எழுத்து ஒன்று ஓரிடத்தில் அடங்கிவிடும். தமிழ் எழுத்துக்கு மூன்று இடமாவது வேண்டும். இது தமிழ், எழுத்தாக எண்ணு என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஆக் ஒழுங்காக எண்ணும். சொல்லாவிட்டால் இடம் இடமாக எண்ணிக்கொண்டு போகும். பெயர் தாண்டுவதற்குள்ளேயே கணக்கு தப்பிவிடும். பிளேட்லெட் என்ற குறி இருக்க வேண்டிய இடத்தில் போன் நம்பரின் பாதி இருக்கும். இது நமக்கு வேண்டிய வரியில்லை என்று சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

நான் கம்ப்யூட்டருக்குள் நுழையும் என் லாகின் கணக்கில், இது தமிழ் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் கையால் ஓட்டியபோதெல்லாம் சரியாக வந்தது, தொண்ணூறு நாளும் சரியாக வந்தது. தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லிக்கொண்டிருந்தது அந்த முதல் வரி ஒன்றுதான். முணுமுணுப்பு தாங்காமல் நான் எடுத்தெறிந்த அதே வரி.

டாக்டர் அறைக்குப் போனேன். "மூணு நாளா சாணார்பட்டி ஆளுங்க யாருக்கும் போன் போகல டாக்டர். என் தப்பு" என்றேன். அவர் முகம் வெளுத்தது. திட்டவில்லை. "மொதல்ல போன் போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

மூன்று நாளில் விடுபட்டவர்கள் ஒன்பது பேர். தாளில் கையால் எழுதினேன். அக்கா நாலைந்து பேரைப் பிடித்துக்கொண்டார், மீதி எனக்கு. என் வாழ்க்கையில் அப்படிப் போன் பேசியதில்லை. முதல் ஆள் எடுத்ததும், "நான் லேப்ல இருந்து" என்று தொடங்கிய உடனேயே, "பேங்குலருந்து பேசுறேம்பீக, நம்பர் கேப்பீக, வைங்க" என்று வைத்துவிட்டார். மூன்றாவது தடவை அக்கா பேசித்தான் நம்பினார். ஒருவர் ஏற்கெனவே மதுரையில் சேர்ந்திருந்தார். ஒரு பையனுக்கு வேறு இடத்தில் சோதித்துப் பிளேட்லெட் ஏறியிருந்தது. ஒரு தகப்பனார், "இப்பத்தேன் சொல்றீகளா? திங்கக்கெழம எடுத்த ரத்தத்துக்கு?" என்று கேட்டார். மகளை வண்டியில் ஏற்றுகிற சத்தம் போனிலேயே கேட்டது. ஒன்று, இரண்டு என்று எட்டுப் பெயர்மேலும் கோடு விழுந்தது.

ஒன்பதாவது ஒரு பெண். வயது முப்பத்தாறு. திங்கட்கிழமை எடுத்த ரத்தம். பிளேட்லெட் பதினோராயிரம். அந்தத் தாளிலேயே அதுதான் ஆகக் குறைவு. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பத்து தடவை அடித்தேன். அந்த நம்பர் எனக்கு மனப்பாடமாகிவிட்டது, இப்போது கேட்டாலும் சொல்வேன். "செத்த நேரம் கழிச்சுப் பாப்போம்மா" என்றார் அக்கா. அந்தச் செத்த நேரத்தை உட்கார்ந்து கழிக்க என்னால் முடியவில்லை. திங்கள் போய் புதன் வந்துவிட்டது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

நத்தம் ரோட்டில் தூறல். என்னென்ன நினைத்தேன் என்று வரிசையாகச் சொல்ல வராது. பந்தல் போட்டிருந்தால் எப்படி உள்ளே போவது என்று ஒரு தடவை நினைத்தேன். லேபிலிருந்து வருகிறேன் என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அப்படி யோசித்ததற்காக என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. செத்தாளா பிழைத்தாளா என்று தெரியாத ஓர் ஆளைத் தேடிப் போகும்போதும் தப்பிக்கிற வழியைத்தான் தேடுகிறேன். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போனது. அப்போதுதான் நான் ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருப்பதே தெரிந்தது.

சாணார்பட்டி மையத்து நர்ஸுக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு என் பின்னால் ஏறிக்கொண்டார். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் இருக்கும். "போன் வந்திருக்கும்னுதான்க்கா நெனச்சேன். நான் அவுகள்ட்ட சொல்லித்தான் அனுப்பினேன், வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு" என்று என் முதுகுக்குப் பின்னால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே நாலு கிலோமீட்டர். வாசலில் பந்தல் இல்லை. வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டுக்குள்ளே போன் அடிப்பது கேட்டது, முன்மேஜையிலிருந்து அக்கா விடாமல் அடித்துக்கொண்டிருந்தார் போல. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அவ வெங்காயக் காட்டுல களை எடுக்கப் போயிட்டாளே" என்றாள்.

களை எடுக்கப் போயிருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள் என்று சந்தோஷப்பட ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. பதினோராயிரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறாள் என்று உடனே பயம் பிடித்துக்கொண்டது. வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். நாலைந்து பெண்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் ஒருத்தி எழுந்தாள். எழும்போது தடுமாறினாள். முழங்கையிலிருந்து கீழே சிவப்புச் சிவப்பாகப் பொடிப் புள்ளிகள்.

"காய்ச்சலெல்லாம் விட்ருச்சு தாயி" என்றாள் சிரித்துக்கொண்டே. "நேத்துலருந்து ஒடம்பு சில்லுன்னுதேன் இருக்கு. பல்லு வெளக்குறப்ப மட்டும் ரத்தம் வருது. போன் வரலல்ல, அதேன் ஒண்ணுமில்லைன்னு வேலைக்கு வந்துட்டேன்."

காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவில் ஆபத்து என்று அந்த வருஷம் நான் நூறு தடவையாவது டாக்டர் சொல்லிக் கேட்டிருப்பேன். நர்ஸ் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தக்காளி ஏற்ற வந்திருந்த ஒரு சின்ன வேனை நிறுத்தி, பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்து, மழையில் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அதில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸ்தான் பார்த்தார். ரத்தத்தைப் பார்க்க வேண்டாம் என்று இந்த வேலைக்கு வந்தவள் நான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். முதல் இரண்டு நாள் டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, புதுப் பெட்டிக்குத் தெரிந்த பெயராகப் பார்த்து மொழி வரியைத் திரும்ப எழுதினேன். ஏன் இந்த வரி, எடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே ஆறு வரியில் குறிப்பும் எழுதினேன். பிறகு தானாக ஓடவிட்டு, வந்த தாளைக் கோப்போடு வரிவரியாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். மூன்றாம் நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கிவிட்டது என்று நர்ஸ் போனில் சொன்னதும், பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "புதுசா மாத்துனா இப்படித்தான் ஏதாவது வரும், விடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் விட்டாலும் என் மனசு விடவில்லை. ஆஸ்பத்திரியில் அவளும் அவள் புருஷனும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "இந்த மழையில காட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனீகளே, சொந்தக்காரவுககூட இப்பிடி வரமாட்டாக" என்றாள் அவள். அந்தக் கும்பிடு என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஐந்தாம் நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையே போன் வந்திருக்க வேண்டும், வராததற்கு நான்தான் காரணம், கம்ப்யூட்டரில் ஒரு வரியை எடுத்துவிட்டேன், அதனால் தமிழில் எழுதிய பெயர்களை அது விட்டுவிட்டது என்று, என் சக்திக்கு எட்டியவரை எளிதாகச் சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். கோபப்படுவாள், புருஷனைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். "அப்ப எம் பேராலதேன் உங்களுக்கு இம்புட்டுச் சிரமமா?" என்றாள்.

"ஐயோ, இல்லம்மா. பேர்ல ஒண்ணுமில்ல. தப்பு முழுக்க என்னோடது. இப்பச் சரி பண்ணிட்டேன்."

"சரி, விடுங்க. ஒண்ணும் ஆகலைல்ல" என்று அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஊசி ஏற்றியிருந்த கை. பாரம் இறங்கிய மாதிரி நான் வீட்டுக்கு வந்து, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அவளை மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையிலிருந்தே சாணார்பட்டி வரிகளுக்காகக் காத்திருந்தேன். கோப்பு வந்ததும் அவள் பெயரைத் தேடினேன். இல்லை. போன் நம்பரை வைத்துத் தேடினேன். வரி இருந்தது. பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேலே. பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவுகதேன்க்கா கேட்டாக. 'அந்த அக்காவுக்கு எம் பேரால கஷ்டம் வேணாம், இங்கிலீசுலயே போட்ரு தாயி'ன்னாக. இப்ப அதெல்லாம் சரியாயிருச்சுன்னு நான் சொன்னேன், கேக்கல. அவுக மட்டுமில்லக்கா, ஊருக்குள்ள சொல்லிட்டாக போல. காலையிலருந்து வந்த எல்லாருமே அப்பிடித்தேன் கேக்குறாக. தமிழ்ல எழுதுனா போன் வராதாம்."

போனை வைத்துவிட்டுக் கோப்பை மேலிருந்து கீழே ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன். என் ஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை இப்போது பிழையில்லாமல் எண்ணுகிறது. அன்று சாணார்பட்டியிலிருந்து முப்பத்திரண்டு வரிகள் வந்திருந்தன, ஒன்றில்கூடப் பெயர் தமிழில் இல்லை.